அரங்கேற்றம்: ஏறுவது யார், ஏற்றுவது யார்?

கோயில் வாசலில் ஒரே கிழமையில் இரண்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஒன்று வழவழப்பான தாளில் பரதநாட்டிய அரங்கேற்றம். பதினாறு வயதுப் பிள்ளையின் பெரிய படம். மற்றது சாதாரணத் தாளில், மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு மரபுகளில் ஒன்றான வடமோடிக் கூத்து அரங்கேற்றம். படம் இல்லை, கூத்தின் பெயர், கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் பெயர், இடம், நேரம், அவ்வளவுதான். என் தங்கையின் மகள் இரண்டையும் நின்று வாசித்துவிட்டுக் கேட்டாள்.

“மாமா, அரங்கேற்றம் என்டா முதல்முதலா ஆடுறதுதானே? இந்தக் கூத்தில தருமரா வாறவருக்கு அறுபது வயசு. அவர் சின்னனில இருந்தே ஆடுறவர். அவருக்கு எப்பிடி இப்ப அரங்கேற்றம்?”

நல்ல கேள்வி. ‘அரங்கேற்றம் என்றால் முதல் நிகழ்ச்சி’ என்று நாம் எல்லோரும் பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பொருள் பிழையில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதி, மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்குக் கண்முன்னே கூத்தாடும் களரியில் கிடக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் சொல்லைப் பிரிப்போம். அரங்கு, ஏற்றம். இரண்டும் எளிய சொற்கள்தான்.

அரங்கு என்றதும் இன்று நமக்கு மண்டபமும் திரையும் வரிசையாகப் போட்ட கதிரைகளும் நினைவுக்கு வரும். பழைய தமிழில் அந்தச் சொல்லுக்கு இதைவிட அகலமான பொருள் உண்டு. திருக்குறளின் 401ஆம் குறளைப் பாருங்கள்: ‘அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்.’ போதிய படிப்பில்லாமல் கற்றவர் சபையில் பேசப் புகுவது, அரங்கு இல்லாமல் வட்டு ஆடுவதைப் போன்றது என்கிறார் வள்ளுவர். இங்கே அரங்கு என்பது காய் நகர்த்தி விளையாடுவதற்காகக் கீறிய கட்டம். கிளித்தட்டு விளையாடப் பிள்ளைகள் மணலில் முதலில் கோடு கீறுவார்களே, கோடு இல்லாவிட்டால் யார் பிடிபட்டார், யார் தப்பினார் என்று சொல்லவே முடியாதே, அதுதான் விஷயம். கோடு விழுந்த பிறகுதான் அந்த மணல் விளையாட்டுக்கான இடமாகிறது.

இன்னும் இரண்டு இடங்களில் இதே கருத்தைக் காணலாம். ஆற்றின் நடுவே நீர் சூழ்ந்து தனித்து நிற்கும் திட்டுக்கும் அரங்கம் என்று பெயர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருப்பதால்தான் அது திருவரங்கம். தமிழ்நாட்டின் தென்பகுதியில் வீட்டின் உள்ளறையை அரங்கு வீடு என்பார்கள். கட்டம், திட்டு, அறை ஆகிய மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: சுற்றியுள்ள வெளியிலிருந்து எல்லை போட்டுப் பிரித்த இடம். (வடமொழியிலும் ரங்க என்ற சொல் நடன மேடையைக் குறிக்கும். எது எதிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. நமக்கு இப்போது அந்த வழக்குத் தேவையில்லை.)

ஆகவே அரங்குக்கு உயரம் கட்டாயமில்லை, எல்லைதான் கட்டாயம். மேடை என்ற சொல்லில் மேடு இருக்கிறது. அரங்கு என்ற சொல்லில் கோடு இருக்கிறது. நம்முடைய வட்டக்களரியை நினைத்துப் பாருங்கள். வெளியான இடத்தில் வட்டமாக மண்ணைச் சற்று உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டு, சனங்கள் நாலு பக்கமும் பாய் போட்டு இருப்பார்கள். ஆடுகிறவரின் முகத்தை ஒரு பக்கம் பார்த்தால் முதுகை மறுபக்கம் பார்க்கும். அங்கே மண்டபமும் இல்லை, கதிரையும் இல்லை. ஆனால் அது முழு அரங்கு.

சரி, இனி ஏற்றம். தமிழில் ஓடு, ஓட்டு, ஆடு, ஆட்டு, மாறு, மாற்று என்று வினைகள் சோடியாக வரும். முதலாவது தானாகச் செய்வது. இரண்டாவது இன்னொன்றைச் செய்ய வைப்பது. ஏறு, ஏற்று என்பதும் அப்படித்தான். அறுவடைக் காலத்தில் வயல் பக்கம் போயிருந்தால் தெரியும்: நெல் மூடை தானாக வண்டியில் ஏறாது. ஒருவர் தூக்கிக் கொடுக்க வேண்டும், மேலே நின்று ஒருவர் வாங்க வேண்டும். அதுதான் ஏற்றுவது. ‘பிள்ளை அரங்கேறினாள்’ என்றும் சொல்கிறோம், ‘ஆசிரியர் பிள்ளையை அரங்கேற்றினார்’ என்றும் சொல்கிறோம். ‘ஏற்றம்’ என்ற ஒரே பெயர்ச்சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. அதனால்தான் அரங்கேற்றம் என்று சொன்னவுடனே இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். ஏறுகிறவர் ஒருவர். ஏற்றுகிறவர் ஒருவர். முதல் நிகழ்ச்சி என்று மட்டும் பொருள் சொன்னால் இந்த இரண்டாவது ஆள் காணாமல் போய்விடுகிறார். என் மனக்குறை அதுதான்.

இந்தச் சொல்லுக்குப் பழைய சாட்சி சிலப்பதிகாரம். அதன் மூன்றாவது காதைக்குப் பெயரே அரங்கேற்று காதை. மாதவி ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் சோழ மன்னன் முன் ஆடுகிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் இளங்கோவடிகள் அந்தக் காதையை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மாதவி ஆடுவதற்கு முன்னால், அவளைச் சுற்றி நிற்பவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி அவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போகிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டு எழுதும் புலவன், தண்ணுமை முழக்குகிறவன், குழல் ஊதுகிறவன், யாழ் வாசிக்கிறவன். இத்தனை பேருடைய தகுதியும் அடுக்கிய பிறகுதான் அரங்கு வருகிறது; அதன் பிறகுதான் மாதவி. சோதனைக்கு உட்படுவது அந்தப் பிள்ளை மட்டுமில்லை என்பது அந்த வரிசையிலேயே தெரிகிறது.

அரங்கை அளந்து சொல்வதையும் பாருங்கள். இருபத்து நான்கு பெருவிரல் அளவு ஒரு கோல். ‘எழுகோல் அகலத்து எண்கோல் நீளத்து ஒருகோல் உயரத்து’ என்று போகிறது பாட்டு. பெருவிரலை ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோல் 2 அடி. அப்படியானால் அகலம் 14 அடி, நீளம் 16 அடி, உயரம் 2 அடி. நம் வீட்டு மண்டபம் ஒன்றின் அளவுதான். தூண்களின் நிழல் ஆடுகிறவர் மேல் விழாதபடி விளக்கு வைத்தார்கள் என்ற குறிப்பும் இருக்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகள். மாதவி வலக்காலை முன்வைத்து ஏறினாள். ஆடி முடித்ததும் மன்னன் தலைக்கோலி என்ற பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் கொடுத்தான். பட்டம் என்பது தீர்ப்பு. சபை பார்த்து, ‘இவள் தேறிவிட்டாள்’ என்று சொன்னதற்கு அடையாளம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. இந்தக் காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் இருபத்தைந்து அடிகள் வாசிக்க மிகவும் கடினமானவை. பழைய இசைக் கணக்கு முழுவதும் அந்த அடிகளுக்குள் சுருண்டு கிடக்கிறது. அந்தச் சுருளைப் பிரித்துக் காட்டுவதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர் நம்மவர், அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர். அந்த உழைப்பின் விளைவுதான் யாழ் நூல். 1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அந்த நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19ஆம் தேதி, அவர் காலமானார். கல்லடியில் அவருடைய சமாதியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்: அரங்கேற்று காதையை விளக்கப் பிறந்த நூல், தானே முறையாக அரங்கேறிய பிறகுதான் மக்கள் கைக்கு வந்தது.

‘நூலுக்கும் அரங்கேற்றமா?’ என்று கேட்கலாம். உண்டு. சொல்லப்போனால் பல நூற்றாண்டுகளாகத் தமிழில் இந்தச் சொல் ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்ட அளவுக்கு ஏட்டோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பராமாயணம் திருவரங்கத்திலும் பெரியபுராணம் சிதம்பரத்திலும் அரங்கேறியதாக மரபு சொல்கிறது. கந்தபுராணத்தின் கதை இன்னும் சுவையானது. கச்சியப்ப சிவாச்சாரியார் காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் முதல் பாட்டை வாசிக்கிறார்: ‘திகட சக்கரச் செம்முகம் ஐந்துளான்.’ சபையிலிருந்து ஒருவர் எழுந்து தடுக்கிறார். திகழ், தசம் என்ற இரண்டும் சேர்ந்தால் திகடசம் என்று வருவதற்கு எந்த இலக்கணத்தில் விதி இருக்கிறது? முதல் சொல்லிலேயே அரங்கேற்றம் நின்றுவிட்டது. அடுத்த நாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலைக் காட்டி, அதில் விதி இருப்பதைச் சொன்ன பிறகுதான் சபை ஒப்புக்கொண்டதாம். இது மரபுவழி வரும் கதை. ஆனால் அரங்கேற்றம் என்றால் நம் முன்னோர் எதை நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. எழுந்து நின்று கேள்வி கேட்க உரிமையுள்ள ஒரு சபை அங்கே இருக்க வேண்டும். இப்போது நாம் நூல் வெளியீட்டு விழா வைக்கிறோம். வெளியீடு என்றால் வெளியே விடுவது. அங்கே பாராட்டலாம், முதல் பிரதி வாங்கலாம். யாரும் முதல் சொல்லில் தடுத்து நிறுத்த மாட்டார்கள்.

இனி என் மருமகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

கூத்து அரங்கேற்றம் ஓர் இரவில் நடந்து முடிகிற காரியம், ஆனால் அது நாலைந்து படி ஏறிய பிறகுதான் வரும். முதல் படி சட்டம் கொடுத்தல். ஊர்ப் பெரியவர்கள் கூடி, இன்ன கூத்துப் போடுவது, யார் யாருக்கு எந்த வேஷம் என்று தீர்மானித்து, அவரவர் பாட்டுகளை எழுதிய சட்டத்தை நல்ல நாள் பார்த்து அண்ணாவியார் கையால் வாங்குவார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் பழக்கம். பகல் முழுக்க வயலிலும் வாவியிலும் வேலை செய்துவிட்டு இரவில் வருவார்கள். அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், சல்லாரித் தாளம் ஒலிக்கும், ஏடு பார்த்துப் பாட்டெடுத்துக் கொடுக்க ஒருவர். இந்தக் கட்டத்தில் யார் காலிலும் சதங்கை இருக்காது. வெறுங்காலோடுதான் ஆட்டம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் என் அம்மப்பாவோடு போய் இப்படிப் பழகுவதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்த ஒரு பொடியன் தன் காலையே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு ஆடினான். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே அவன் பக்கத்தில் போய் நின்று, “காலப் பார்க்காத மனே, மத்தளத்தக் கேளு” என்றார். அவன் தலையை நிமிர்த்தினான். இரண்டு சுற்று தடுமாறினான். மூன்றாவது சுற்றில் கால் தானாகத் தாளத்துக்கு வந்துவிட்டது. அண்ணாவியார் ஒன்றும் சொல்லாமல் பழைய இடத்துக்குப் போனார்.

ஆட்டம் பிடிபட்டதும் சதங்கை அணிதல். ஊரார் பார்த்திருக்க ஆடுகிறவர்கள் முதன்முதலாகச் சதங்கை கட்டுவார்கள். இது பாதிச் சோதனை. சதங்கை கட்டிய பிறகு பிழையை மறைக்க முடியாது; கால் பிந்தினால் பத்து முழத்துக்கு அப்பால் இருக்கிறவருக்கும் கேட்கும். அப்புறம் கிழமைக்கூத்து, அதாவது கிழமைக்கு ஒரு தடவை ஆடிப் பார்ப்பது. பிறகு அடுக்குப் பார்த்தல்: முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்கு குலையாமல் முழுக் கூத்தையும் ஓட்டிப் பார்ப்பது. இவ்வளவும் முடிந்தால்தான் அரங்கேற்றத்துக்கு நாள் குறிப்பார்கள்.

இப்போது தெரிகிறதா, அறுபது வயதுத் தருமருக்கு எப்படி அரங்கேற்றம் வந்தது என்று? ஏறுவது அவர் அல்ல. கூத்து ஏறுகிறது. இந்த ஊர், இந்த அண்ணாவியார், இந்த ஆட்கள் சேர்ந்து பழகிய இந்தக் கூத்து முதல்தடவையாகச் சபைக்கு வருகிறது. அவர் இதற்கு முன் பத்துக் கூத்தில் ஆடியிருந்தாலும், அவருக்குப் பக்கத்தில் அன்றுதான் முதன்முதலாக உடுப்புப் போட்ட பொடியன் நின்றாலும், நோட்டீசில் சொல் ஒன்றுதான். பரதநாட்டியத்தில் ஏறுவது ஆள். கச்சியப்பருக்கு ஏறியது ஏடு. கூத்தில் ஏறுவது ஓர் ஊரின் உழைப்பு. எது ஏறினாலும், எதிரே ஒரு சபையும் பின்னால் பொறுப்பேற்கும் ஓர் ஆசானும் இருப்பது மாறுவதில்லை.

பரதநாட்டிய அரங்கேற்றத்தைப் பற்றிப் பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கோயிலிலும் அரசவையிலும் ஆடிய பரம்பரைக் குடும்பங்களில், பிள்ளையை முதன்முதலாகச் சபைக்குக் கொண்டுவரும் சடங்காக அது இருந்தது. 1935இல் ருக்மணி தேவி சென்னை அடையாறில் ஆடி, அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கிய பிறகு, பல குடும்பப் பிள்ளைகள் படிக்கும் கலையாக அது விரிந்தது. அரங்கேற்றமும் கூடவே பரவியது. இன்று அலாரிப்பில் தொடங்கி, நடுவே நீண்ட வர்ணம் ஆடி, தில்லானாவில் முடிக்கும் ஒரு முழுக் கச்சேரியைத் தனியொரு பிள்ளை தாங்குவதுதான் அரங்கேற்றம். வாய்ப்பாட்டு, வீணை, மிருதங்கம் எல்லாவற்றுக்கும் இதே பெயர். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பதால் நம் பகுதியில் நடனம் படித்த ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: பட்டுச்சேலைக்கும் மண்டபத்துக்கும் செலவாகும் கவனத்தில் கொஞ்சத்தை, பிள்ளையின் பிழையைக் கண்டு சொல்லக்கூடிய நாலு பேரை முன்வரிசையில் இருத்துவதற்கும் செலவிடுங்கள். சபை இல்லாவிட்டால் அது வெறும் விழாவாகிவிடும்.

புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் ஓர் இடம் உண்டு. அரங்கேற்றம் ஒருதடவைதான் நடக்கும். அதே நாடகத்தை அடுத்த மாதம் வேறோர் ஊரில் போட்டால் அதை மேடையேற்றம் என்று சொல்வதுதான் நம் நாடகக்காரர் வழக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் நம்முடைய விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து ஒருபக்கம் பார்க்கும் மேடைக்குக் கொண்டுபோனார். கர்ணன் போர், இராவணேசன் போன்றவை அப்படி வந்தவை. அவை பல ஊர்களில் மேடையேறின. அரங்கேறியது ஒருதடவைதான்.

இன்னொரு வழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. செய்திகளில் ‘கொடூரம் அரங்கேறியது’, ‘சோகம் அரங்கேறியது’ என்று எழுதுகிறார்கள். ‘நடந்தது’ என்ற நல்ல சொல் இருக்கிறதே. மாதக்கணக்கில் வெறுங்காலோடு பழகி, பெரியவர்கள் காலில் விழுந்து ஏறுகிற இடத்தின் பெயரைக் கொலைக்கும் விபத்துக்கும் கொடுக்கலாமா? எழுதுகிறவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த நோட்டீசில் இருந்த கூத்துக்கு மருமகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வடமோடி என்பதால் இடுப்பைச் சுற்றி விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் கிரீடமும். முதல் அரசன் வரும்போது இரண்டு பேர் வெள்ளைச் சேலையை விரித்துப் பிடித்தார்கள். மறைவுக்குள்ளிருந்து சதங்கை மட்டும் கேட்டது. சேலை விலகியதும் சனம் ஆர்ப்பரித்தது. “இதுதான் மாமா எழினியா?” என்று காதுக்குள் கேட்டாள். முதல்நாள் நான் சொன்னதை மறக்கவில்லை. நடுச்சாமத்துக்குப் பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். போர் தொடங்கி மத்தளம் வேகம் பிடித்ததும் எழுந்துவிட்டாள்.

கிழக்கு வெளுக்கும்போது மங்களம் பாடி முடித்தார்கள். பாய்களைச் சுருட்டிக்கொண்டு சனம் கலைய, முன்னால் இருந்த முதியவர் ஒருவர் மெதுவாக எழுந்து அண்ணாவியாரிடம் போனார்.

“ரெண்டாவது வரவில கால் கொஞ்சம் முந்திட்டு, அண்ணாவியார்.”

“எனக்கும் கேட்டது,” என்றார் அவர், மத்தளத்தைத் தோளிலிருந்து இறக்கியபடி. “பொடியன் அவசரப்பட்டுட்டான். நான்தான் இன்னும் ரெண்டு கிழமை பழக்கியிருக்கோணும்.”

“மற்றதெல்லாம் நல்லா வந்திருக்கு.”

அண்ணாவியார் தலையை ஆட்டினார். அந்தப் பொடியன் கொஞ்சம் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கிரீடம் கையில், சதங்கை இன்னும் காலில். இனி வீட்டுக்கு வீடு போய் ஆட வேண்டும். அவன் சதங்கையை அவிழ்க்கவில்லை.